வீட்டுக்கு வெளியே ஓரிடம்

கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டின் விளக்குகள் இரவில் அடிவானத்தைச் சிவக்கச் செய்வதை எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்க்கலாம். அவ்வளவு அருகில் இருந்தும், பேருந்து நாளைக்குச் சில தடவைகளே வந்து திரும்பும் கடைக்கோடி ஊர் எங்களுடையது. மேற்கே போனால் கல்கத்தா நெடுஞ்சாலையும் ரயில் பாதையும். கிழக்கே போனால், இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்று நான் பல வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பழவேற்காட்டு ஏரி. வடக்கே ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திர எல்லை. ஊரின் ஜீவனம் இத்திசைகளில்தான் பகிர்ந்து கிடந்தது. இளைஞர்களில் பெரும்பாலோர்க்கு உருக்காலைகளிலும் உதிரிபாகத் தொழிற்சாலைகளிலும் காண்ட்ராக்ட் வேலை. பெண்களுக்கும் வயது முதிர்ந்தவர்களுக்கும் நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை. ஏரிக்கரையோரத்து இருளர் குடும்பங்களுக்குச் செங்கல் சூளையும் இறால் தடவுதலும்.

சர்க்கார் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு என்றால் ஓர் அறை, ஒரு சமையல் மூலை, முன்னால் தகரமோ ஓலையோ இறக்கிய ஒரு தாழ்வாரம், அவ்வளவே. அத்தகைய வீட்டில் ஆறு பேர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் கொரோனா ஊரடங்கு வந்த பிறகுதான் நான் நின்று யோசித்தேன். ஏ ஷிப்டுக்குப் போகிறவன் விடியுமுன் கம்பெனி வேனில் ஏறிவிடுவான். இரவு ஷிப்டு முடித்தவன் வந்து படுக்கும் வேளையில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பியிருப்பார்கள். மாமியார் ஆடு ஓட்டிக்கொண்டும் மருமகள் களைக்கொட்டை எடுத்துக்கொண்டும் போய்விட்டால், வீடு தூங்குகிறவன் ஒருவனுக்கே உரியதாகிவிடும். ஆறு பேரும் விழித்த நிலையில் ஒருசேர அந்த அறைக்குள் இருக்கும் நேரம் சொற்பத்திலும் சொற்பம். அந்தக் குடும்பங்களின் சமாதானம் இந்தப் போக்குவரத்தின்மேல் நின்றதே தவிர, சுவர்களின்மேல் நின்றதன்று.

2020ஆம் வருஷம் மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மக்கள் ஊரடங்கு நடந்தது. 24ஆம் தேதி மாலை ஆறு மணி முதல் தமிழ்நாடெங்கும் 144 தடையுத்தரவு. அன்று நள்ளிரவு முதல் தேசம் முழுவதும் 21 நாள் ஊரடங்கு. கும்மிடிப்பூண்டியில் வந்து முடியும் மின்சார ரயில்கள் நின்றன. கம்பெனி வேன்கள் நின்றன. பள்ளி, சந்தை, கோயில் எல்லாம் அடைத்துக்கொண்டன. முதல் வாரம் பண்டிகை விடுமுறையின் சாயலில் கழிந்தது. தாயக்கட்டம் ஆடினார்கள், பல மாதங்களாகப் பகலில் முகம் பாராத தகப்பனுடைய மடியில் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தார்கள். அரிசிப் பானையின் அடி தெரியத் தொடங்கிய பிறகே குரல்கள் உயர்ந்தன. சித்திரை வெயிலில் தகரக்கூரையின் கீழ் இருந்தவர்களுக்குப் பகல் பொழுது எத்தனை நீளமென்பது, அதை அனுபவித்தவர்களுக்கே தெரியும்.

எங்கள் வீடும் இதற்கு விலக்கன்று. என் மகன் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வை வேலையில் இருந்தான். ஏப்ரல் மாதம் பாதிச் சம்பளம் வந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாதம் போடும்போது இரண்டாவது கரண்டிக்குத் தட்டின்மேல் கையை வைத்து மறைக்கத் தொடங்கினான். மருமகளுக்கோ விடிந்தது முதல் படுக்கும்வரை ‘அம்மா’, ‘இங்க பாரு’, ‘எங்க வச்ச’ என்ற குரல்களுக்குப் பதில் சொல்வதே வாழ்வாகிவிட்டது. முன்பு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பின்பு அவள் தனக்கென்று வைத்திருந்த அரைமணி அவகாசமும், ஒரு டம்ளர் டீயும், சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்காரும் சுகமும் போன இடம் தெரியவில்லை. ஒருநாள் பிற்பகல் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்க, அவள் அடுப்பின் எதிரே அதைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தாள். நான் போய் அடுப்பை அணைத்தேன். “முடியலை அத்தை” என்றாள். அதற்குமேல் அவள் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. மாலை நான்கு மணிக்கு அவள் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். விளக்கு வைக்கும்வரை யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. பிள்ளைகள் பேச்சு மறந்து படியேறப் போனால் அவர்கள் தகப்பனே தடுத்து நிறுத்தினான். மேலே அவள் என்ன செய்தாள் என்று யாரும் விசாரித்ததில்லை. சில நாள் தன் தாயோடு போனில் பேசுவாள். சில நாள் வடகம் காய்ந்துகிடந்த துணியை மடிக்காமல் அதன் அருகே சும்மா படுத்திருப்பாள். மகனுக்கும் ஓரிடம் வேண்டியிருந்தது. மாட்டுக்கொட்டகையின் கூரையைப் பிரித்து மீண்டும் வேயும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டான். ஒரு வாரத்தில் முடியக்கூடிய அந்த வேலையை ஏப்ரல் முழுவதும் இழுத்தான். அதன் காரணம் எங்களுக்கும் தெரிந்திருந்ததால் யாரும் அவசரப்படுத்தவில்லை. எங்களுக்காவது மாடி இருந்தது, கொட்டகை இருந்தது. தொகுப்பு வீட்டுக்காரர்களுக்கு இரண்டும் இல்லை.

தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள் குடம் நிறைந்த பின்பும் நிற்கத் தொடங்கியதை நான் கவனித்தேன். கழுத்து வெடித்த இடத்தில் துணிக்கிழிசல் சுற்றிய ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம் நாள்தோறும் கடைசியாக வரும். அதை எடுத்துவருபவள், தண்ணீர் நிற்கும் நேரம் பார்த்தே வருவாள். நின்றுவிட்டால் அடுத்த முறை விடும்வரை காத்திருக்க ஒரு காரணம் கிடைக்குமல்லவா! “வூட்டுக்குப் போனா அவரு மூஞ்சியப் பாக்கணும் டீச்சரம்மா, அவருக்கும் எம் மூஞ்சியப் பாக்கணும்” என்றாள். அதில் கோபம் இல்லை. இருவர்மேலும் இரக்கமே இருந்தது.

அடி உதை என்று சொல்லத்தக்கதும் நடந்தது. அதை மறைத்து எழுதினால் அந்தப் பெண்களுக்குத் துரோகம் செய்தவளாவேன். 2020 ஏப்ரல் 5ஆம் தேதி ஐக்கிய நாடுகளின் பொதுச்செயலாளர் அன்டோனியோ குட்டெரெஸ், யுத்தகளங்களில் மாத்திரமல்லாமல் வீடுகளுக்குள்ளும் பலாத்காரம் நிற்கவேண்டுமென்று உலகத்துக்கு வேண்டுகோள் விடுத்தார். அந்த வாரமே தேசிய மகளிர் ஆணையம் வாட்ஸ்அப் மூலம் முறையிட ஓர் எண்ணை அறிவித்தது. 181, 1091 என்ற எண்களும் ஏற்கனவே இருந்தன. இவற்றின் பிரயோஜனத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்கு ஒரே டச் போன். பகலில் அது பிள்ளைகள் கையில், மற்ற நேரமெல்லாம் கணவனின் சட்டைப்பையில். ஓர் அறையில் அவன் இருக்க, அவனைப் பற்றி அவனுடைய போனிலேயே எந்தப் பெண் பேசுவாள்? முன்பெல்லாம் அண்ணன் தம்பிகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்று, “என்ன மச்சான்” என்று குரல் கொடுத்தாலே அடங்கிப் போகும் காரியங்கள், தாய்வீட்டுக்குப் போகும் பாதை அடைபட்டதால் அடங்காமல் நின்றன.

இந்த இடத்தில்தான் எங்கள் தெருக்கோடிப் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எண்பதைத் தொட்ட வயது. எழுத்து வாசனை இல்லாதவர். பெரியம்மை இருந்த காலத்தைக் கண்ணால் கண்டவர்களில் எங்கள் ஊரில் எஞ்சியவர்கள் சிலரே, அவர்களில் ஒருவர். மார்ச் மாதமே வாசலுக்கு வாசல் வேப்பிலை கட்டி மஞ்சள் நீர் தெளித்தபோது, படித்த பிள்ளைகள் வைரஸுக்கு வேப்பிலை தெரியுமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் அம்மை கண்ட வீட்டுக்கு நம் முன்னோர் விதித்த ஆசாரத்தில் வேப்பிலை ஒரு பகுதி மட்டுமே. அந்த வீட்டில் தாளிக்கக் கூடாது, உரத்துப் பேசக் கூடாது, வெளியார் உள்ளே நுழையக் கூடாது, கைநீட்டிச் சண்டை போடக் கூடாது. ஆத்தாள் வந்து அமர்ந்திருக்கிறாள், அவள் எதிரில் வைதால் குடிக்கு ஆகாது. நோயாளியின் அமைதிக்கும் நோய் பரவாமைக்கும் எவரோ யோசித்துச் செய்த ஏற்பாடு, பக்தியின் உருவத்தில் தலைமுறைகளாக நின்றிருக்கிறது.

பெரியம்மா அந்தச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார். வேப்பிலை கட்டிய வீட்டிலிருந்து அலறல் கேட்டால், தடியை ஊன்றிக்கொண்டு தெருவின் நடுவில் வந்து நிற்பார், வீட்டுப் படி ஏறமாட்டார். “எவன்டா அது? வாசல்ல ஆத்தாளக் கட்டி வச்சிக்கினு உள்ள கைய நீட்றது?” என்று அவர் கேட்கும்போது, எந்தக் கணவனுக்கும் அது தன் மனைவிக்காக வந்த வழக்காகத் தோன்றாது, ஆகவே மானக்குறைவும் தோன்றாது. அவன் வெளியே வருவான். “உக்காரு” என்பார். எதிர்த் திண்ணையில் அவன் உட்காருவான். வேலை போனதையும், மேஸ்திரி போனை எடுக்காததையும், சீட்டுப் பணம் நின்றதையும் சொல்வான். அந்தப் பெண்ணிடமும் மறுநாள் காலை தனியே விசாரித்து, இரண்டு இரவுகள் தம் வீட்டிலேயே படுக்க வைத்துக்கொண்டதும் உண்டு. தெய்வபயம் இல்லாதவர்களை என்ன செய்வது என்று நான் ஒருமுறை கேட்டேன். “என் பயம் இருக்குதுல்ல” என்றார்.

குடியைப் பற்றி ஊரில் ஒரே அபிப்பிராயம் இருந்ததில்லை. டாஸ்மாக் கடைகள் மார்ச் 24 முதல் மூடியிருந்தபோது, பல வீடுகளில் பெண்கள் முதன்முறையாக மாலைப் பொழுதைப் பயமின்றிக் கண்டார்கள். நெடுநாள் குடித்துப் பழகியவர்கள் சிலருக்கு அந்த நாட்களில் கை நடுங்கியது, தூக்கம் போயிற்று, பிதற்றினார்கள். அது பிடிவாதமல்ல, திடீரென்று நிறுத்தியதால் உண்டாகும், வைத்தியம் வேண்டிய நோய் என்று கிராம சுகாதாரச் செவிலியர் வீடுவீடாகச் சொன்னது பெரிய உபகாரம். ஆந்திரத்தில் மே 4ஆம் தேதியே கடைகள் திறந்தன. தமிழ்நாட்டில் சென்னை மாநகரக் காவல் எல்லை நீங்கலாக 7ஆம் தேதி திறந்தன. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொல்லிற்று. 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. கடை திறக்கும் செய்தி பரவிய மாலை, காதுத் தோடுகளைக் கழற்றி என்னிடம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பெண்கள் இருந்தார்கள். ஒவ்வொரு ஜோடியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரெழுதி மடித்து, பீரோவில் என் புடவைகளின் அடியில் வைத்தேன்.

ஏப்ரலில் அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாயும், அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் கொடுத்தார்கள். டோக்கனில் நாளும் நேரமும் குறித்திருந்தார்கள். ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பினால் வட்டங்கள் போட்டு, வட்டத்துக்கு ஒருவராக நிற்கச் சொன்னார்கள். நோய்க்காகப் போட்ட அந்த இடைவெளி எதிர்பாராத ஓர் உபயோகத்தைத் தந்தது. அடுத்த வட்டத்தில் நிற்பவளுக்கு மட்டும் கேட்கும்படி, முகக்கவசத்துக்குள்ளிருந்து, பெண்கள் மனம்விட்டுப் பேசினார்கள். வாய் அசைவது தெரியாததால் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று தூரத்தில் இருப்பவர் அறிய முடியாது. ஜன்தன் கணக்கில் பெண்களுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் வீதம் ஏப்ரலிலிருந்து மூன்று மாதம் வந்ததையும், அதைக் கணவனிடம் சொல்வதா வேண்டாமா என்பதையும் அந்த வட்டங்களிலேயே ஆலோசித்து முடிவுசெய்தார்கள்.

இருளர் குடியிருப்பில் அட்டையே இல்லாத குடும்பங்கள் இருந்தன. அட்டை இல்லையென்றால் ஆயிரமும் இல்லை, அரிசியும் இல்லை. அவர்களுக்காக எழுதிய மனுக்கள் பலன் தருவதற்குள் மாதங்கள் கடந்தன. இடையில் ஊர்ப் பொதுவில் அரிசி சேர்த்துக் கொடுத்தோம். பட்டினியின் பாரம் அங்கேதான் எல்லோரையும்விட அதிகம். ஆனால் கணவனும் மனைவியும் விடியலில் சேர்ந்தே கழிக்குப் போனார்கள். மார்பளவு நீரில் குனிந்து, சேற்றில் விரல்களால் தடவி இறாலைப் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைப் பறியில் போடும் தொழில் அது. வாயில் பறி இருக்கையில் சண்டை போடவும் முடியாது. வாங்க வியாபாரி வராததால் பிடித்ததைக் குழம்பு வைத்துத் தின்றார்கள். அந்தக் குடியிருப்பில் பசியின் அழுகையைக் கேட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் கேட்ட அலறலை அங்கே நான் கேட்டதில்லை. வறுமையை நான் புகழவில்லை. இருவருக்கும் சேர்ந்து செய்ய ஒரு வேலையும், அதற்குக் கூரையில்லாத ஓரிடமும் இருந்ததையே சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட வீடுகளை அரித்தது குழுக் கடன். ஐந்து, பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்று, தனியார் நிறுவனங்களிடம் வாங்கி, வாரந்தோறும் கட்டும் கடன் அது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பங்கிட்டுக் கட்டவேண்டும். ஆகவே வருமானம் நின்ற வாரத்திலேயே சிநேகிதிகள் ஒருவருக்கொருவர் கடன்காரர்களாகிவிட்டார்கள். மார்ச் 27ஆம் தேதி ரிசர்வ் வங்கி, தவணைகளை மூன்று மாதம் ஒத்திவைக்க நிறுவனங்களுக்கு அனுமதியளித்தது. மே 22ஆம் தேதி அதை ஆகஸ்டு 31 வரை நீட்டித்தது. எங்கள் ஊருக்குப் போன் செய்தவர்கள் இதைச் சொல்லவில்லை. மே மாதத்தில் மோட்டார் சைக்கிளில் நேரிலேயே வரத் தொடங்கிவிட்டார்கள். வசூல்காரன் வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போன இரவுகளிலேதான் கணவன் மனைவிச் சச்சரவு உச்சத்தில் இருந்தது. ‘என்னைக் கேட்டா வாங்கின’ என்பது அவன் கேள்வி. ‘உங்க தங்கச்சி சீமந்தத்துக்குத்தானே வாங்கினேன்’ என்பது அவள் பதில்.

தினசரியில் வந்த செய்தியை வெட்டி எடுத்து, பிள்ளையார் கோயில் அரசமரத்தடியில் பெண்களை இடைவெளி விட்டு உட்காரவைத்து, ஒரு பாடத்தைப்போல் வாசித்து விளக்கினேன். ஒத்திவைப்பு என்றால் தள்ளுபடியல்ல. கட்டாத மாதங்களுக்கும் வட்டி ஏறும். ஆகையால் கட்ட முடிந்தவர்கள் கட்டுவதே லாபம், முடியாதவர்கள் அஞ்சவேண்டியதில்லை என்று கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அடுத்த முறை வசூல்காரர் வந்தபோது, ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தியாக அவரை எதிர்கொள்ளாமல், எல்லோரும் அரசமரத்தடிக்கே வந்து, செய்தித்தாளை நடுவில் வைத்து உட்கார்ந்தார்கள். வந்தவரும் கூலிக்கு வேலை செய்யும் இளைஞர்தானே! மோர் வாங்கிக் குடித்துவிட்டு, மேலிடத்தில் சொல்வதாகச் சொல்லிப் போனார். அன்று இரவு அந்தத் தெருவில் சச்சரவு இல்லை. ஏறிய வட்டியை மாத்திரம் பல பெண்கள் அடுத்த வருஷம் முழுவதும் கட்டினார்கள்.

அந்த மே மாதத்தில் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி ஜனங்கள் நடந்து போனதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். சிப்காட்டைச் சுற்றியுள்ள வாடகை அறைகளில் எண்பது சதுர அடிக்குள் பத்துப் பேராய் இருந்த பீகார், ஒடிசா இளைஞர்கள், தலையில் மூட்டையோடு, எளாவூர்ச் சோதனைச் சாவடியைத் தாண்டி ஆந்திரத்துக்குள் நடந்தார்கள். தண்ணீரும் புளிசாதமும் கொடுத்து அனுப்பியவர்கள், அவர்கள் நடந்துகொண்டே போனில் வீட்டாருடன் பேசியதைச் சொன்னார்கள். பாஷை விளங்காவிட்டாலும், ‘வந்துகொண்டே இருக்கிறேன்’ என்பதுதான் என்று எல்லோருக்கும் விளங்கியது.

நூறு நாள் வேலை ஏப்ரல் கடைசியில் மெல்லத் தொடங்கிற்று. அந்த வருஷம் தமிழ்நாட்டுக்குக் கூலி 256 ரூபாய் என்று உயர்த்தியிருந்தார்கள். கூலி முழுதாகக் கைக்கு வருமா என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. ஆயினும் மண்வெட்டியும் சோற்றுத் தூக்கும் எடுத்துக்கொண்டு ஏரி வேலைக்குப் போன முதல் நாள், பெண்கள் தலைவாரிப் பூவைத்துக்கொண்டு போனார்கள். தெருக்குழாயில் பச்சைக் குடம் அன்று முதல் முன்னேரத்திலேயே வரத் தொடங்கியது. ஜூன் 19 முதல் 30 வரை சென்னையோடு கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் பேரூராட்சிகளையும் சேர்த்து மறுபடி முழு ஊரடங்கு விதித்தார்கள். அந்த நாட்களை ஊர் முன்போல் கலங்காமல் கடந்தது. ஆண்களில் சிலர் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பகலில் பள்ளியின் வராந்தாவைப் பிள்ளைகளுக்கும், மாலையில் பெண்களுக்கும் திறந்துவிட ஊராட்சியில் ஏற்பாடு செய்தார்கள்.

காய்ச்சல் கணக்கெடுக்க வாசலுக்கு வந்த பெண்களை நான் மறக்கமாட்டேன். வெப்பமானியை நெற்றிக்கு நேரே நீட்டி, எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவதுதான் அவர்களுக்கு இட்ட வேலை. அவர்களில் ஒருத்தி மாத்திரம் எழுதி முடித்த பின்பு, நோட்டை மூடி, “சாப்பிட்டியாக்கா? தூங்கினியா?” என்று இரண்டு கேள்வி கேட்பாள். அந்த இரண்டு கேள்விக்குப் பதிலாகத் தெரு முழுவதன் கதையும் அவளிடம் வந்து சேர்ந்தது. கழுத்தில் கயிற்றுத் தடம் இருந்த ஒரு பெண்ணைக் கண்டு, மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவரிடம் 108 வண்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தவளும் அவளே. அந்தப் பெண் இன்று பிழைத்து, சிப்காட்டில் பாக்கிங் வேலைக்குப் போகிறாள்.

2021 ஆகஸ்டு 5ஆம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியபின், எங்கள் ஊரிலும் தன்னார்வலர் வீடுவீடாக வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். அவருடைய படிவத்தில் தூக்கத்துக்கும் வீட்டுச் சஞ்சலத்துக்கும் ஒரு கட்டம் சேர்க்கவேண்டுமென்று கிராமசபையில் எழுந்து கேட்டேன். தீர்மானமாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கட்டம் வரும்வரை, எங்கள் ஊருக்கு வரும் பெண் அந்த இரண்டு கேள்விகளையும் வாயாலேயே கேட்டுவிட்டுப் போகிறாள்.